வேட்டிக்குச் சென்ற அரசன்

சீதாலெட்சுமி டீச்சரிடம் தரம் நான்கை ஒப்படைத்தபோது வருகை இடாப்பில் இருபத்தாறு பெயர் இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் அதில் பதினெட்டுப் பேர் வருவார்கள். கோயில் திருவிழா வந்துவிட்டால் பத்துப் பேர் வந்தாலே பெரிய காரியம். டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைக் கொழுந்து லொறி போகும் பாதையில் அரை மணித்தியாலம் ஏறி நடந்தால் வரும் பாடசாலை அது. ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக அவள் ஏறிப் போவாள்.

ஹட்டன் கடைவீதியில் அவளுடைய அப்பாவுக்குப் புடவைக்கடை. தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் தோட்டத்து ஆட்களைச் சின்ன வயதிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள். யார் எந்த நிறம் கேட்பார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய வீட்டுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

வேலையில் சுறுசுறுப்பானவள். கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெரிய டீவி, ஈரம் பட்டுவிடும் என்ற பயத்தில் பாடசாலை அதிபர் சுந்தரலிங்கத்தின் அறையில் பெட்டியோடு கிடந்தது. இரண்டு வாரம் விடாமல் கேட்டு, அதைத் தன் வகுப்புச் சுவரில் மாட்ட வைத்தாள். மாட்டியதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் வாசிப்பதைத் தன் போனில் வீடியோ எடுத்து அந்த டீவியில் போட்டுக் காட்டினாள். ஒரு மேசை, அதன்மேல் நீலத் துணி, பின்னால் இலங்கைப் படம். 'செய்தி வாசிப்பு' என்று அதற்குப் பெயரும் வைத்தாள்.

பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. தங்களுடைய முகம் டீவியில் வருகிறது என்றால் சும்மாவா? மழை நாளிலும் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வாயைத் திறக்காத பிள்ளைகள்கூடத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, "டீச்சர், இன்னைக்கு நான்" என்று வரிசையில் நின்றார்கள். கல்வி வலயத்திலிருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டு, மற்றப் பாடசாலைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றார்.

சரிவராமல் இருந்தது பெற்றோர் குரூப் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் 'தரம் 4 பெற்றோர்' என்று ஒரு குழு தொடங்கி, வீட்டு வேலை, கூட்டம், தடுப்பூசி எல்லாவற்றையும் அழகான தமிழில், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழும். பதில் வராது. யார் யார் பார்த்தார்கள் என்று போனே காட்டும். இருபது பேர், இருபத்தொரு பேர். எல்லோரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

"அக்கறை இல்ல சேர். பாக்குறாங்க, அவ்வளவுதான்" என்று அதிபரிடம் குறைப்பட்டாள்.

அதிலும் பிரியந்தியின் அம்மா அழகம்மாமேல் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலே இருந்தது. எதைப் போட்டாலும் முதலில் நீலக்கோடு விழுவது அழகம்மாவிடம்தான். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு, கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், நல்ல சேலை உடுத்திக்கொண்டு பாடசாலைக் கேட்டடியில் வந்து நின்றாள்.

"கூட்டம் நேத்தே முடிஞ்சுதேம்மா. குரூப்ல போட்டேனே, பாக்கலையா?"

"பாத்தேன் டீச்சர்" என்றாள் அழகம்மா. அப்படியே திரும்பிப் போனாள்.

பிரியந்திக்கு ஒன்பது வயது. மெலிந்த பிள்ளை. சத்தமாகவும் வேகமாகவும் வாசிப்பாள், நிறையப் பிழையோடு. தெரியாத சொல் வந்தால் நிற்கமாட்டாள். அதைப் போலவே இருக்கும் தெரிந்த சொல் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். ஒரு புதன்கிழமை அவளுடைய முறை வந்தது. நீலத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை நேராகப் பார்த்து, "அரசன் வேட்டிக்குச் சென்றான்" என்று தொடங்கினாள். அடுத்த வரியில் மந்திரியும் வேட்டிக்குச் சென்றார். அதற்கடுத்த வரியில் படைவீரர்கள் எல்லோருமே வேட்டிக்குச் சென்றார்கள்.

வகுப்பு சிரித்து உருண்டது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துப் பிரியந்தியும் சிரித்தாள். சீதாலெட்சுமிக்கே சிரிப்புத் தாங்கவில்லை. வேட்டை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் சொல்ல வைத்தாள். மாலை பஸ்ஸில் போகும்போது வீடியோவை மறுபடியும் பார்த்தாள். என்ன கம்பீரமாக உட்கார்ந்து என்ன வாசிப்பு வாசிக்கிறாள்! பாசத்தோடுதான் அதைக் குரூப்பில் போட்டாள். கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்றையும் சேர்த்தாள். ஒருபோதும் பதில் வராத அந்தக் குரூப்பில் அன்று மழை கொட்டியதுபோலச் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. ஆகா, இப்போதுதான் இவர்கள் கண் திறந்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, அழகம்மா குரூப்பை விட்டு விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது. திங்கட்கிழமை பிரியந்தி பாடசாலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை பக்கத்து லயத்துப் பிள்ளை சர்மிளாவிடம் கேட்டாள். "காய்ச்சலா அவளுக்கு?"

சர்மிளா தலையை ஆட்டினாள். "இல்ல டீச்சர். எல்லாரும் அவள வேட்டி, வேட்டின்னு கூப்புடுறாங்க. அவங்க அம்மாவயும் மலையில அப்படித்தான் கேலி பண்றாங்களாம்."

சீதாலெட்சுமி உடனே போனை எடுத்து வீடியோவை எல்லோரிடமிருந்தும் அழிக்கப் பார்த்தாள். நாள் கடந்துவிட்டது; தன் போனிலிருந்து மட்டும்தான் அழிக்கலாம் என்றது அது.

பிரியந்தியின் வீட்டுக்குப் போகிறேன் என்றதும் அதிபர் சுந்தரலிங்கம் பயந்துவிட்டார். "இப்ப போகாதீங்க டீச்சர். ரெண்டு நாள் போகட்டும். தோட்டத்துல ஒரு பிரச்சினையாகிடும்."

"பிரச்சினை ஆகட்டும் சேர்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்கு இறங்காமல் மேலே ஏறினாள். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் லயம். வாசலில் குழாயடியில் நின்ற மீனம்மா என்ற பெண், அழகம்மா கொழுந்து பறிக்கப் போன மலையிலிருந்து இன்னும் வரவில்லை என்று சொல்லித் தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பிரியந்தி சட்டென்று மறைந்துவிட்டாள். பிள்ளையின் அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்று மீனம்மா சொன்னாள்.

நாலரை மணிக்கு அழகம்மா வந்தாள். டீச்சரைக் கண்டதும் நின்றாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கால் கழுவி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க டீச்சர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"அதெல்லாம் வேணாம்மா. நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அழகம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள், சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள் சீதாலெட்சுமி. அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட வழியெல்லாம் யோசித்திருந்தாள். அழகம்மாவின் குரலோ மெதுவாகத்தான் வந்தது.

"யாரும் பரப்பல டீச்சர். நான்தான் காட்டுனேன்."

"நீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ள டீவியில வர்றவங்க மாதிரி ஒக்காந்து படிக்குது. ராத்திரி பூரா அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். கீழ எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா போட்டிருந்தாங்க. சந்தோசப்படுறாங்கன்னு நெனச்சேன். மறுநாளு காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்களத்துல எல்லாரும் நிக்கையில, 'எம்புள்ள படிக்கிறத கேளுங்க'ன்னு நானே சத்தமா போட்டேன்."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"வேட்டின்னு அது சொல்றது எனக்கும் காதுல விழுந்துச்சு. பொஸ்தகத் தமிழ் நமக்கு எங்க வெளங்கும், அதுல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். அவங்க சிரிச்ச பொறகுதான் தெரிஞ்சிச்சு, டீச்சரும் சிரிக்கிறதுக்குத்தான் போட்டிருக்காங்கன்னு."

நாலு மாதமாகத் தான் எழுதிப் போட்ட அத்தனை செய்திகளும் சீதாலெட்சுமிக்கு நினைவுக்கு வந்தன. எழுத்துப் பிழையில்லாத அழகான தமிழ். முதலாவதாக விழும் நீலக்கோடு.

"அப்ப நான் குரூப்ல எழுதுறதெல்லாம்..."

"பிரியந்திதான் வாசிச்சுச் சொல்லும்" என்றாள் அழகம்மா. "அன்னைக்குக் கூட்டத்துக்கும் அது சொன்ன தேதிக்குத்தான் வந்தேன். அது தப்பா சொல்லிருச்சுன்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? புள்ளய ஏசுவீங்க."

உள்ளே ஏதோ பாத்திரம் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. சீதாலெட்சுமி எழுந்து வாசலருகே போனாள். பிரியந்தி அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"பிரியந்தி, டீச்சர் செஞ்சது தப்பு. ஒன்னக் கேக்காம அந்த வீடியோவ அனுப்பிட்டேன். நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றியா?"

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா இப்ப என்கிட்ட வாசிக்கத் தர மாட்டாங்க" என்றாள். "தோட்டத்து ஆபிஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. அத மீனம்மா அத்தை வீட்டு அண்ணன்கிட்டதான் கொண்டுபோய்க் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அழுதாள். ஊர் முழுவதும் வேட்டி என்று கூப்பிட்டபோது அழாத பிள்ளை அதற்கு அழுதாள். வாசற்படியில் இருந்த அழகம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

விடைபெறும்போது அழகம்மா சொன்னாள்: "புள்ளய அனுப்புறேன் டீச்சர். ஆனா நான் குரூப்புக்கு வர மாட்டேன்."

"வர வேணாம்மா" என்றாள் சீதாலெட்சுமி.

அன்று கடைசி பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்து, வீட்டு மொட்டைமாடியில் நின்று குரூப்புக்குக் குரல் பதிவு ஒன்று போட்டாள். நாலு தரம் பேசி நாலு தரம் அழித்தாள். ஐந்தாவது தரம் வீட்டில் பேசுவதுபோலப் பேசினாள். ஒரு பிள்ளையைச் சிரிப்புக்கு ஆளாக்கியது தன் தப்பு என்றாள். அந்த வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிட வேண்டும் என்றாள். "இனிமே நான் எழுத மாட்டேன். பேசித்தான் போடுவேன். நீங்களும் பேசுங்க. யாரும் எழுத வேணாம்."

ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு மாயாண்டி என்ற தகப்பன், நாய் குரைக்கும் சத்தத்துக்கு நடுவில், "அழிச்சிட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அடுத்து ஒரு பெண் குரல்: "நானும்." பிறகு வரிசையாக வந்தன. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசாமலே விட்டுவிட்டார். தனுஜனுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்பவள். அவள் மெல்லிய குரலில், "டீச்சர், எம்மவன் சத்தத்த ஒருநாளைக்குப் போடுங்களேன்" என்று கேட்டிருந்தாள். நாலு மாதத்தில் பேசாத பெற்றோர் அந்த ஒரு வாரத்தில் பேசிய பேச்சைக் கேட்டு முடிக்கவே அவளுக்கு நேரம் போதவில்லை. வீட்டு வேலையில் எந்தக் கணக்கு, மழைச் சப்பாத்து போட்டுவரலாமா, புள்ளைக்குக் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லையாம், முன்னுக்கு உட்கார வைக்க முடியுமா. அக்கறை இல்லாதவர்கள் என்று அவள் பட்டியல் வைத்திருந்த பெயர்கள்தான் எல்லாம்.

பிரியந்தி வெள்ளிக்கிழமையே வந்தாள். கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். 'செய்தி வாசிப்பு' என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். சீதாலெட்சுமி மேசையிலிருந்த நீலத் துணியை எடுத்து மடித்து அலுமாரியில் வைத்தாள். டீவியை அதன்பிறகு படம் காட்டவும் பாட்டுப் போடவும் வைத்துக்கொண்டாள்.

வாசிப்புக்கு வேறொரு வழி செய்தாள். விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் சின்ன அறையில் ஒரு ஸ்டூல் போட்டாள். பிள்ளை புத்தகத்தையும் டீச்சரின் போனையும் எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போகலாம். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பதியலாம், போட்டுக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். பிடித்தால் டீச்சரிடம் சொன்னால் போதும். அது அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போகும். முகம் இல்லை, குரல் மட்டும். தனுஜன் ஒரு பக்கத்தை ஏழு தரம் பதிந்தான். வியர்த்துப்போய் வெளியே வந்து, "டீச்சர், நான் 'ற' சொல்றதே எனக்குப் புடிக்கல" என்று முறையிட்டான். பிழை திருத்தத் தனக்கு வாய்ப்பே இல்லாமல் பிள்ளைகள் தங்கள் காதாலேயே திருத்திக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு வியப்பாக இருந்தது.

பிரியந்தியும் தன் முறைக்கு உள்ளே போவாள். பத்து நிமிடம் கழித்து வந்து போனை நீட்டுவாள். "அழிச்சிட்டேன் டீச்சர்."

"சரிம்மா."

அடுத்த வாரமும் அழித்தாள். அதற்கடுத்த வாரமும். ஒருமுறையாவது வற்புறுத்தலாமா என்று சீதாலெட்சுமிக்கு நாக்கு வரை வரும். அடக்கிக்கொள்வாள்.

நாலாவது வாரம், மூடுபனி ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பிரியந்தி அறைக்குள் போய் அரை மணித்தியாலத்துக்கு மேலாகியும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் கதவு திறந்தது.

"அனுப்புங்க டீச்சர். அம்மாவுக்கு மட்டும்."

சீதாலெட்சுமி போனை வாங்கினாள். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. இதற்குள் எத்தனை பிழை இருக்குமோ? மறுபடியும் ஏதாவது வேறு சொல்லைப் போட்டு வாசித்திருந்தால்? அழகம்மா அதை யாருக்காவது போட்டுக் காட்டிவிட்டால்? விரல் போனுக்கு மேலேயே நின்றது.

"நான் ஒரு தரம் கேக்கவா?"

பிரியந்தி வேகமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

ஒரு ஆசிரியைக்கு அது லேசான காரியமில்லை. இருந்தாலும் கேட்காமலே அனுப்பினாள். ஒரு கோடு விழுந்தது. அன்று பகல் முழுவதும் அது இரண்டாகவில்லை. அழகம்மா வேலை செய்யும் மலையில் சிக்னல் இருக்காது. மாலையில் இரண்டும் விழுந்து நீலமானது. பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பிரியந்தியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "அம்மா கேட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "தெரியல டீச்சர். நான் தூங்கிட்டேன்" என்றாள்.

பத்தரை மணிக்கு, இடைவேளை முடிந்து பிள்ளைகள் கை கழுவி வந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அழகம்மா. குரல் பதிவு. சீதாலெட்சுமி அதைத் தொடவில்லை. பிரியந்தியைக் கூப்பிட்டுப் போனை அவள் கையில் கொடுத்தாள்.

"ஒனக்குத்தான் வந்திருக்கு."

பிள்ளைக்கு எந்தப் பட்டனை அமுக்கினால் சத்தம் குறையும் என்று தெரியவில்லை. காதில் வைக்குமுன்னே குரல் வெளியே கேட்டுவிட்டது. காற்றுச் சத்தம், தூரத்தில் யாரோ பெண்கள் பேசும் சத்தம், அதற்கு நடுவில் அழகம்மா.

"பிரியந்தி, அம்மா பேசுறேன். சிக்னலுக்காக மேல் ரோட்டுக்கு ஏறி வந்திருக்கேன். நேத்து நீ தூங்குன பொறகு ரெண்டு வாட்டி கேட்டேன். பனிக்குள்ள வழி தெரியாம வேற வீட்டுக்குப் போன அந்த ஆட்டுக் கத. நடுவுல நீ நின்னு நின்னு படிச்ச, அது பரவால்ல. எனக்கு ஒண்ணு வெளங்கல. அந்த வீட்டுக்காரங்க ஆட்ட ஏன் புடிச்சுக் கட்டி வச்சுக்கல? அவங்களும் இல்லாதப்பட்டவங்கதானே? பொஸ்தகத்துல பாத்துச் சொல்லு. ஆபிஸ் கடுதாசி ஒண்ணு வந்திருக்கு, ராவைக்கு அதயும் பாக்கணும். மெதுவாப் பாத்தாப் போதும். வைக்கிறேன்."

பிரியந்தி போனைப் பிடித்தபடியே நின்றாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. யாரோ பெரிய கணக்கொன்றைக் கொடுத்துவிட்டதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் வாங்குக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தைத் தேடி, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து, வாய் அசையாமல், ஓடாமல், மெதுவாக வாசித்தாள். பக்கம் முடிந்தது. மறுபடியும் மேலிருந்து தொடங்கினாள்.

"டீச்சர்" என்று கடைசி வாங்கிலிருந்து கூப்பிட்டாள். "அது ஏன்னு இதுல போடல."

"அப்படியா?" சீதாலெட்சுமி அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். தானே எத்தனையோ தரம் வாசித்த பாடம். அந்தக் கேள்வியை அவளும் கேட்டதில்லை, யாரும் அவளிடம் கேட்டதுமில்லை. "ஆமா. போடலதான்."

"அப்ப நான் அம்மாவுக்கு என்ன சொல்றது?"

"நீ என்ன நெனைக்கிற?"

பிரியந்தி யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்து மலையின் ஒரு பக்கம் தெரிய ஆரம்பித்திருந்தது. பாடம் தொடர்வதற்காக மற்றப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். "போன கொஞ்சம் தாங்க டீச்சர்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு, புத்தகத்தை வாங்கிலேயே விட்டுவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.